கரியமில வாயு ஏறிக்கொண்டே போவது ஏன்? தென்னாப்பிரிக்கத் தமிழர் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழர் கூடும் இடங்களில் பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. மழையையும் வெப்பத்தையும் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றுக்கு அடிப்படையான கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரியமில வாயுவின் கணக்கைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அந்தக் கணக்கை ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற ஐயங்களில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும் என்பதால், பெரியவர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

காற்றில் இப்போது கரியமில வாயு எவ்வளவு உள்ளது? முன்பு எவ்வளவு இருந்தது?

2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 423 பங்கு. இதைத்தான் 423 பி.பி.எம். என்று எழுதுகிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பல ஆயிரம் ஆண்டுகளாக இது 280ஐ ஒட்டியே நின்றது. அண்டார்க்டிகாவில் தோண்டி எடுத்த பனிக்கட்டிகளுக்குள் சிறைப்பட்ட பழங்காற்றை ஆராய்ந்ததில், கடந்த 8,00,000 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 170க்கும் 300க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருப்பது தெரிகிறது.

இந்த ஏற்றத்தை நம் சொந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரை 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் இறக்கியபோது காற்றில் இருந்தது ஏறத்தாழ 286 பங்கு. நேட்டால் வேலைநிறுத்தம் நடந்த 1913இல் அது 300ஐ எட்டியிருந்தது. நாம் அனைவரும் வரிசையில் நின்று வாக்களித்த 1994இல் 358. டர்பனிலேயே ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாநாடு கூடிய 2011இல் 391. முதல் 14 பங்கு ஏற 53 ஆண்டுகள் ஆயின. கடைசி 32 பங்கு ஏற 13 ஆண்டுகளே போதுமாயிருந்தன. 2023க்கும் 2024க்கும் இடையில் மட்டும் 3.5 பங்கு கூடியது; நேரடி அளவீடு தொடங்கிய நாள் முதல் ஓராண்டில் இவ்வளவு ஏறியதில்லை.

பத்து இலட்சத்தில் 423 என்பது மிகச் சிறிய அளவுதானே? அதற்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது?

காற்றில் ஏறத்தாழ 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களை, அதாவது அகச்சிவப்புக் கதிர்களை, ஏறக்குறைய தடையின்றிச் செல்ல விடுகின்றன. எனவே வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையில் அவற்றின் பெரும் அளவு கணக்கில் வருவதில்லை. அந்த வேலையைச் செய்யக்கூடிய சில வாயுக்களின் அளவே கணக்கில் வருகிறது. அவற்றுள் நீராவியும் கரியமில வாயுவும் முதன்மையானவை. நீராவி வெப்பநிலைக்கு ஏற்பக் கூடிக் குறைந்து சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை. அது தங்கி வெப்பத்தைக் கூட்டுவதால் நீராவியும் கூடுகிறது.

இது அண்மையில் கட்டப்பட்ட கொள்கை என்று சிலர் நினைக்கிறார்கள். 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறுவதைக் காட்டினார். 1859இல் ஜான் டிண்டால் அந்த வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்தார். ட்ரூரோ கப்பல் புறப்படும் முன்பே இந்த அடிப்படை உண்மை அச்சேறிவிட்டது.

இந்த அளவுகளை யார் எடுக்கிறார்கள்? எங்கோ ஹவாயில் எடுத்த எண் நமக்கு எப்படிப் பொருந்தும்?

ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய அளவீடுதான் மிகப் புகழ்பெற்றது. ஆனால் நம் நாட்டிலேயே, கேப் டவுனுக்குத் தெற்கே கேப் பாயிண்ட் முனையில், கடலுக்கு மேல் 230 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை உச்சியில், தென்னாப்பிரிக்க வானிலைத் துறை நடத்தும் நிலையம் ஒன்று இருக்கிறது. உலக வானிலை அமைப்பின் வளிமண்டலக் கண்காணிப்பு வலையமைப்பைச் சேர்ந்த அது, 1990களிலிருந்து கரியமில வாயுவைத் தொடர்ந்து அளந்து வருகிறது. உலகில் இத்தகைய நிலையங்களுள் பெரும்பாலானவை வடபாதியில் இருப்பதால் இதன் மதிப்பு மிகப் பெரியது.

அங்கே வீசும் காற்றில் பெரும்பகுதி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தென்பெருங்கடலைக் கடந்து, எந்த நகரத்தையும் ஆலையையும் தொடாமல் வருகிறது. நிலத்தின் மேலிருந்து காற்று திரும்பி வரும் நாட்களில் கேப் டவுன் நகரத்துப் புகையும் கலந்துவிடும் என்பதால், மண்ணிலிருந்தே கசியும் ரேடான் வாயுவின் அளவைக் கொண்டு நிலக்காற்று எது, கடற்காற்று எது என்று பிரித்தறிகிறார்கள். அவ்வாறு பிரித்தெடுத்த தூய கடற்காற்றிலும் ஆண்டுதோறும் ஏற்றமே பதிவாகிறது. ஹவாயில் ஓராண்டுக்குள் 6 பங்கு அளவுக்கு ஏறி இறங்கும் அலை, வடபாதிக் காடுகள் கோடையில் வாயுவை உள்ளிழுத்து இலையுதிர்ந்தபின் வெளிவிடுவதால் உண்டாவது. கேப் பாயிண்டில் நிலப்பரப்பு குறைவான தென்பாதிக்கு ஏற்ப அந்த அலை மிகச் சிறியது. எண்களில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஏறும் கோடு ஒன்றே, ஏனெனில் வடபாதிக் காற்றும் தென்பாதிக் காற்றும் ஓராண்டளவில் கலந்துவிடுகின்றன.

இந்த ஏற்றம் எரிமலையாலோ கடலாலோ வந்திருக்கக் கூடாதா?

கூடாது. உலகின் எரிமலைகள் அனைத்தும் ஓராண்டில் வெளிவிடுவது மனிதர் வெளிவிடுவதில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவு. கடலோ வாயுவை இப்போது வெளிவிடுவதைவிட அதிகமாக உள்வாங்குகிறது. இவற்றைவிட உறுதியான சான்று கார்பன் அணுக்களிலேயே இருக்கிறது. கார்பன் 14 என்னும் கதிரியக்க வகை 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். நம் நாட்டு நிலக்கரியோ 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் புதைந்த தாவரங்களிலிருந்து உண்டானது என்பதால் அதில் கார்பன் 14 சிறிதும் இல்லை. அத்தகைய பழைய கார்பன் காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கார்பன் 14இன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் ஸ்யூஸ் 1950களிலேயே கண்டறிந்தார். தாவரங்கள் குறைவாகவே ஏற்கும் கார்பன் 13இன் விகிதமும் இறங்கி வருகிறது. எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டுமல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்தக் கணக்குக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குறைகிறது. வந்த பொருள் எரிக்கப்பட்ட பழைய தாவரமே என்பதை இந்த மூன்றும் சேர்ந்து காட்டுகின்றன.

நாம் விடும் மூச்சிலும் கரியமில வாயு இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அந்தக் கார்பன் நாம் உண்ட சோறும் பருப்பும் காற்றிலிருந்து சில மாதங்களுக்கு முன் எடுத்துக்கொண்டதே. எடுத்ததைத் திருப்பித் தருவதால் கணக்கில் எதுவும் கூடுவதில்லை.

பல நாடுகள் வெளியீட்டைக் குறைக்கின்றன என்கிறார்கள். பிறகு ஏன் இந்த எண் இறங்கவே இல்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படிக்க வேண்டுகிறேன். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் வெளியிடும் அளவு வேறு, காற்றில் சேர்ந்து நிற்கும் அளவு வேறு. மழைநீர் பிடிக்கும் ஜோஜோ தொட்டியில் குழாய் வழியே நீர் வெளியேறுவதைவிட வேகமாகக் கூரைநீர் இறங்கினால், மழை சற்றுத் தணிந்த பிறகும் நீர்மட்டம் ஏறத்தான் செய்யும். இறங்கும் நீர் வெளியேறும் நீரைவிடக் குறைந்தால்தான் மட்டம் தாழும்.

எண்களில் சொன்னால், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் ஆகியவற்றால் மனிதர் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறோம். காடழிப்பால் மேலும் ஏறத்தாழ 400 கோடி டன் சேர்கிறது. காற்றில் 780 கோடி டன் கூடினால் ஒரு பங்கு ஏறும். எல்லாம் காற்றிலேயே தங்கினால் ஆண்டுக்கு 5 பங்குக்கு மேல் ஏற வேண்டும். ஆனால் கடலும் காடும் மண்ணும் ஏறத்தாழ பாதியை உள்வாங்கிக்கொள்வதால் 2.5 பங்கு அளவே ஏறுகிறது. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கால் உலக வெளியீடு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. விமானங்கள் நின்றன, சாலைகள் வெறிச்சோடின. இருந்தும் அந்த ஆண்டும் காற்றில் 2 பங்குக்கு மேல் கூடியது. மீதி 95 விழுக்காடு வந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

வந்தது எவ்வளவு காலம் தங்கும் என்பது அடுத்த கேள்வி. ஒரு தனி மூலக்கூறு சில ஆண்டுகளில் கடலுக்குள்ளோ இலைக்குள்ளோ போய்விடலாம். ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று வெளியே வருகிறது. மொத்தத்தில் கூடிய மிகை மிக மெதுவாகவே கரைகிறது. இன்று காற்றில் சேர்க்கும் மிகையில் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஐந்தில் இரண்டு பங்கு அளவும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஐந்தில் ஒரு பங்கு அளவும் எஞ்சும் என்று கணித்திருக்கிறார்கள். 1913 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்த நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். அவர்கள் வெட்டியெடுத்து, இரயில்களும் கப்பல்களும் எரித்த நிலக்கரி உண்டாக்கிய மிகையில் கணிசமான பகுதி இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தத் தொழிலாளர் மீது இதில் பழி ஒன்றுமில்லை. அடிமைபோல் நடத்தப்பட்டவர்கள் அவர்கள். இந்த வாயுவின் நினைவு எவ்வளவு நீளமானது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

கரியமில வாயு செடிகளுக்கு உணவாயிற்றே? கரும்பும் சோளமும் நன்றாக வளராதா?

ஒளிச்சேர்க்கைக்கு அது வேண்டும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பயிரும் ஒரே வகையில் பயனடைவதில்லை. நேட்டால் கரையின் கரும்பும் உள்நாட்டின் மக்காச்சோளமும், குறைந்த அளவு வாயுவையே தம் இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் திறன் பெற்றவை. எனவே காற்றில் கூடுவதால் அவற்றுக்குக் கிடைக்கும் நேரடி ஆதாயம் சிறிது, வறட்சிக் காலத்தில் நீர்ச்செலவு சற்றுக் குறையும் என்பது தவிர. நெல்லும் கோதுமையும் பருப்பு வகைகளும் அதிகமாக விளையலாம். ஆனால் அவ்வாறு விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதமும் துத்தநாகமும் குறைவதைத் திறந்தவெளி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட எவரும் இதைச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் நாட்டுப் புல்வெளிகளில் இன்னொரு விளைவு தெரிகிறது. கரும்பைப் போன்ற திறன் பெற்ற புற்களுக்குக் கிடைக்காத ஆதாயம் முள்மரங்களுக்கும் புதர்களுக்கும் கிடைப்பதால், அவை தீயில் கருகிய பிறகும் விரைவாகத் தழைத்துப் புல்வெளியை மூடுகின்றன. இந்தக் கருத்தை வில்லியம் பாண்ட், கை மிட்ஜ்லி என்னும் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் முன்வைத்தார்கள். மேய்ச்சல் நிலம் புதராவதை எந்த ஆடுமாடு வளர்ப்பவரும் வளம் என்று சொல்லமாட்டார்.

அறுவடைக்கு முன் கரும்பை எரிக்கிறார்களே, கோயிலில் கற்பூரம் ஏற்றுகிறோமே, தீமிதிக்கு விறகு எரிக்கிறோமே, இவையும் காரணமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மனம் உறுத்தியே கேட்கிறார்கள். கரும்புத் தோகையில் உள்ள கார்பன் கடந்த ஓரிரண்டு ஆண்டுகளில் காற்றிலிருந்து வந்தது. எரித்த இடத்தில் மீண்டும் கரும்பு வளர்ந்தால் அது திரும்ப எடுக்கப்படும். ஆகவே நிலக்கரியோடு அதை ஒப்பிட முடியாது. ஆயினும் அந்தப் புகையும் துகளும் வெருலம், டோங்காட் பகுதிகளில் மூச்சுத் தொல்லை உள்ளவர்களை வருத்துகின்றன. எரிப்பதைக் கைவிட அந்தக் காரணமே போதும்.

தீமிதிக் குழிக்கான விறகும், மரம் மீண்டும் வளரும் வரையில், அதே வகைதான். இன்று விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரத்து டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. பத்து கிராம் கற்பூரம் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 30 கிராம் கரியமில வாயு உண்டாகும். ஃபீனிக்ஸிலிருந்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் காரில் போய்வரும் ஒரு குடும்பம், போகவர 80 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் பெட்ரோல் எரித்தால் 14 கிலோ வெளியேறும். வழிபாட்டில் கவனிக்க வேண்டியது தீபத்தட்டை அல்ல. நான்கு பேர் ஒரே காரில் போகலாமா என்பதைத்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் அதைச் சரியான அளவோடு சொல்ல வேண்டும். ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குவாசூலு நேட்டாலில் 430க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்ததால் அவ்வூர் மக்கள் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இன்றித் தவித்தனர். அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழு, வெப்பமாதலுக்கு முன் 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாக இருந்த அத்தகைய மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாகிவிட்டது என்றும், பெய்த அளவு 4 முதல் 8 விழுக்காடு வரை கூடியது என்றும் கணித்தது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பதே இதன் அடிப்படை.

சரிவுகளில் கட்டிய வீடுகளும், அடைத்துக்கொண்ட வடிகால்களும், ஆற்றங்கரையில் வேறு போக்கிடமின்றிக் குடியேறிய ஏழைகளின் நிலையும் அந்தச் சாவுகளில் பெரும்பங்கு வகித்தன. கரியமில வாயுவைக் காரணம் காட்டி நகராட்சியின் பொறுப்பை மறப்பதும், நகராட்சியைக் காரணம் காட்டிக் கரியமில வாயுவை மறப்பதும் இரண்டுமே தவறு.

கடல் பாதியை எடுத்துக்கொள்வது நல்லதுதானே?

கடல் தனியாக எடுப்பது நான்கில் ஒரு பங்கு அளவு. மற்றதை நிலம் எடுக்கிறது. கடல் எடுப்பதற்கும் விலை உண்டு. நீரில் கரைந்த வாயு அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடற்பரப்பின் அமிலத்தன்மை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிட்டது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது. நம் மாநிலத்தின் வடகோடியில் சொத்வானா விரிகுடாவில் உள்ள பவளத்திட்டுகளும் இதற்கு விலக்கல்ல. மேலும், சூடான நீர் குறைவாகவே வாயுவைக் கரைக்கும் என்பதால் கடலின் இந்த உதவி என்றும் இதே அளவில் நீடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

உலக வெளியீட்டில் தென்னாப்பிரிக்காவின் பங்கு 1 விழுக்காடுதானே? நாம் குறைத்து என்ன ஆகப்போகிறது?

பங்கு ஏறத்தாழ அவ்வளவுதான்; ஆண்டுக்கு 40 கோடி டன் அளவு. ஆனால் ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் நாம் உலகச் சராசரியைவிட அதிகம், இந்தியாவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி இன்னும் இம்புமலாங்கா நிலக்கரியிலிருந்தே வருகிறது. அம்மாகாணத்தின் செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் சாசோல் ஆலை, ஒரே வளாகத்திலிருந்து உலகிலேயே மிக அதிகமாக இந்த வாயுவை வெளியிடும் இடமாக அடிக்கடி சுட்டப்படுகிறது. அதன் அளவு ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல். அதை ஒரு விழுக்காட்டுக்குள் மறைத்துவிட முடியாது.

இன்று காற்றில் நிற்கும் மிகையில் பெரும்பங்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் முன்பே சேர்த்தது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். மிகையே வெப்பத்தை முடிவு செய்வதால், யார் முதலில் அதிகமாகக் குறைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. உள்நாட்டிலும் நியாயம் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் கோமாட்டி மின்நிலையம் மூடப்பட்டபோது, அதை நம்பிப் பிழைத்த தொழிலாளரின் கவலை முற்றிலும் உண்மையானது. மாற்றுவேலை வராமல் நிலையத்தை மட்டும் மூடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அரசு 2019 ஜூன் 1 முதல் கார்பன் வரி விதிக்கிறது. தொடக்கத்தில் டன்னுக்கு 120 ராண்டு. வரித் தள்ளுபடிகள் பல கொடுக்கப்பட்டதால் ஆலைகள் உண்மையில் செலுத்தியது அதைவிட மிகக் குறைவு. வரியின் கடிவாளம் இன்னும் இறுக்கப்பட வேண்டும்.

வீட்டில் எது அதிகமாக வெளியிடுகிறது?

பெரும்பாலான வீடுகளில் கீசர்தான். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 150 லிட்டர் நீரை 40 பாகை சூடேற்ற 7 யூனிட் வேண்டும். அதாவது நாளுக்கு ஒருமுறை முழுத்தொட்டியைச் சூடாக்கினால் 7 கிலோ. டர்பன் போன்ற வெயில் மிகுந்த ஊரில் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கருவி வைத்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும், மின்கட்டணமும் குறையும். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் கீசருக்கு வெப்பம் கசியாத போர்வை சுற்றலாம். விளக்கை அணைப்பதைப் பற்றிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதைவிட இதில் பயன் அதிகம்.

மரம் நட்டால் சரியாகிவிடாதா?

மரம் நட வேண்டும். ஆனால் அது நிலக்கரிக்கு ஈடாகாது. டர்பன் நகராட்சி 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியால் உண்டாகும் வெளியீட்டில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்ய, 2008இல் பஃபல்ஸ்டிராயில் உள்ள குப்பைக் கிடங்கைச் சுற்றி உள்நாட்டு மரங்களை நடத் தொடங்கியது. அக்கம்பக்கத்து மக்கள் நாற்று வளர்த்துக் கொடுத்து வருவாய் ஈட்டினார்கள். பறவைகளும் ஓடைகளும் மீண்டன. மிக நல்ல முயற்சி. இருந்தாலும் ஒரு மாதம் நடந்த போட்டியின் கணக்கைத் தீர்க்கவே காடு பல ஆண்டுகள் வளர வேண்டியிருக்கிறது. அந்தக் காடு எரிந்தால் சேர்த்தது அனைத்தும் காற்றுக்குத் திரும்பும். நிலத்துக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடந்த கார்பனை மேலே கொண்டுவந்து, அதை மரத்திடம் ஒப்படைத்துவிட்டோம் என்று சொல்வது பாதுகாப்பான ஏற்பாடு அல்ல.

நிலைமை திரும்பத் தொடங்கினால் அது எந்த எண்ணில் தெரியும்?

முதலில் 423 என்னும் எண் இறங்காது. அது ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் குறையும். 1960களில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஏறியது, கடந்த பத்தாண்டுகளில் 2.5ஐ ஒட்டி ஏறியது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலக் காடுகள் வறண்டு தீப்பிடிப்பதால் ஏற்றம் தற்காலிகமாகக் கூடும். 2024இன் பெரும் ஏற்றத்தில் அதற்கும் பங்குண்டு. அதற்கு அடுத்த ஆண்டில் ஏற்றம் 3.5ஐவிடக் குறைந்தால் அதை வெற்றி என்று யாரேனும் அறிவிக்கலாம். அதை ஏற்க வேண்டாம். ஐந்து ஆண்டுச் சராசரியை முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். அது 2.5இலிருந்து 2க்கும், பிறகு 1க்கும் இறங்கினால் வெளியீடு உண்மையாகவே குறைகிறது என்று பொருள். காற்றில் உள்ள அளவு ஏறாமல் நிற்கவே இன்றைய வெளியீடு ஏறத்தாழ பாதியாக வேண்டும். கடலும் காடும் உள்வாங்குவது பின்னர் தளர்வதால், அதை அப்படியே நிறுத்திவைக்க மேலும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கேப் பாயிண்டின் அளவீடுகள் உலக வானிலை அமைப்பின் தரவுத்தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் அவற்றை இறக்கி, இந்த ஐந்தாண்டுச் சராசரியைத் தாமே கணக்கிடலாம்.